நாற்பத்தொன்றாவது குறிப்பு

ஜூன் 3

மதிப்பிற்குரிய ரிவ்யூவர் அம்மையார் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ஒரே மதியத்தில் என் நிரலில் நாற்பத்தொரு குறை கண்டுபிடிக்க உடம்பில் நல்ல தெம்பு வேண்டும்.

குறைகளை எழுதுகிற அலுவலக இணையப் பக்கத்தில் பதில் எழுதினால், உங்கள் ஊர்க் கிளையிலும் எங்கள் கிளையிலுமாகப் பதினொரு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால்தான் இந்தத் தனிக் கடிதம். நீங்கள் சரிபார்ப்பவராக என் நிரல் மாற்றத்தைப் படித்தீர்களா, இல்லை எழுதியவள் யார் என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தீர்களா? சந்தேகமாக இருப்பதால் அம்மாவுக்குச் சொன்னதுபோல முதலிலிருந்து சொல்கிறேன். (அம்மா பக்கத்து வீட்டில், "பொண்ணு டிரைவர் எழுதுறா" என்கிறாள். அவர்கள், "யாரோட டிரைவர்?" என்று கேட்கிறார்கள்.)

திரையில் படம் வரைகிற சில்லுக்கு நினைவகத்தில் இடம் வேண்டும். நம் டிரைவர் என்கிற நிரல், லாட்ஜில் சாவி கொடுப்பவர் மாதிரி. கேட்டால் அறை கொடுக்கும். அறைக்குள் எத்தனை பேர் என்று ஓர் எண் வைத்திருக்கும். கடைசி ஆளும் வெளியே வந்து எண் பூஜ்ஜியமானதும் அறையைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும். இதுவரை ஒவ்வொரு அறையாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். நான் அறுபத்துநான்கு அறைகளை ஒரே வீச்சில் வாங்கச் செய்தேன். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் படத்தைத் திருப்பிப் பார்க்கும்போது திரையில் வந்த விக்கல் நின்றுவிட்டது. அளந்தும் காட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு வார்த்தை பாராட்டு உண்டா? "வரி 9: இடைவெளி அதிகம்." இதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

முப்பதாம் தேதியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. குழுத் தலைவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: "பூதக்கண்ணாடி சரின்னு சொல்லி இது உள்ள போச்சுன்னா உனக்கு வேலை நிரந்தரம். இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா." உங்கள் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

அண்ணன்மேல் உள்ள கோபத்தை என்மேல் காட்டாதீர்கள். நாத்தனார்தான் அண்ணியைப் படுத்தி எடுப்பாள் என்பார்கள். என் ராசி, எல்லாம் தலைகீழ்.

இப்படிக்கு,
நாற்பத்தொரு குறையுள்ளவள்


ஜூன் 5

அன்புள்ள வாண்டு,

இந்தப் பெயரை இன்னும் எழுதலாமா என்று யோசித்தேன். வேறு பெயர் கைக்கு வரவில்லை.

படித்தேன். மூன்று தடவை. விக்கலை நிறுத்தியதைப் பாராட்டாதது என் தப்புத்தான். நல்ல வேலை செய்திருக்கிறாய். முதல் நாற்பது குறிப்புகளை நீ ஒரு மதியத்தில் முடித்துவிடுவாய். முடிக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. நாற்பத்தொன்றாவது அப்படியல்ல.

வரி 212. ஸ்கேன் நடுவில் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள். நோயாளி அசைந்துவிட்டார், யாரோ நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டார். அப்போது உன் நிரல் பின்வாசல் வழியாக வெளியேறுகிறது. உன் லாட்ஜ் கதையிலேயே சொல்கிறேன்: அறையில் இருந்தவர் போய்விட்டார், ஆனால் எண்ணைக் குறைக்க யாருமில்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த அறை பூட்டியே கிடக்கும். ஒரு நாளில் எதுவும் தெரியாது. அறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தால் ஒருநாள் கொடுக்க அறையே இருக்காது.

உன் அண்ணன்மேல் கோபமே இல்லை என்றால் பொய். ஆனால் அதைக் கொண்டுவந்து வரி 212இல் வைக்கவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்து எட்டு மாதம் ஆகிறது. உனக்கு நான் இப்போது எந்த உறவுமுறையும் இல்லை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று நீ தடுமாறுவது கடிதத்திலேயே தெரிகிறது. ரிவ்யூவர் என்றே வைத்துக்கொள், அதில் யாருக்கும் சங்கடமில்லை.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ரிவ்யூவர்


ஜூன் 6

ரிவ்யூவர் அவர்களுக்கு,

வரி 212 என்னுடையது இல்லை. பழைய கோப்பில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். அதை எழுதியவர் யார் என்று பார்த்தேன். என் அண்ணன். ஆறு வருடத்துக்கு முன்னால், நீங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தபோது. அதன் கீழே இரண்டு சொல் இருக்கிறது: "பார்த்தேன், சரி." அதற்கும் கீழே உங்கள் பெயர்.

புருஷன் எழுதினால் சரி, நாத்தனார் எழுதினால் தப்பா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடத்துக்கு விலை சொல்வது மருமகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிக்கு,
பொன்குடம் உடைத்தவள்


ஜூன் 8

அண்ணி,

பழக்க தோஷம், மன்னியுங்கள். அடித்துவிட்டு வேறு எழுத மனம் வரவில்லை.

போன கடிதத்தை அனுப்பிவிட்டு, யுத்தத்தில் ஜெயித்தவள் மாதிரி டீ போட்டுக் குடித்தேன். பாதி டீயில் உறைத்தது. பழைய கோப்பிலும் அதே தப்பு இருக்கிறது என்றால், அது ஆறு வருடமாக வெளியே ஓடிக்கொண்டிருக்கிறதே!

புகார்ப் பட்டியலைத் தோண்டினேன். ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையிலிருந்து அதே புகார் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரை கறுத்துப்போகிறது. ஒவ்வொரு தடவையும் நாம் எழுதிய பதில், "உங்கள் மின் இணைப்பைச் சரிபார்க்கவும்." கடைசிப் புகாரோடு ஒரு புகைப்படம். மிஷின்மேல் டேப் போட்டு ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். "திங்கள் காலை முதல் வேலை: இதை அணைத்துப் போடவும். மறந்தால் நீங்களே பொறுப்பு." டேப் பழுத்துப் பழுப்பாகிவிட்டது.

அங்கே போன் செய்து தலைமை நர்ஸிடம் பேசினேன். "ஏம்மா, இத்தனை வருஷமா நாங்கதான் எதையோ தப்பா அமுக்குறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோமே!" என்றார். "போன வருஷம் புதுசா வந்த பொண்ணு ஒருத்தி மூணு திங்கள் தொடர்ந்து அணைக்க மறந்துட்டா. ஸ்கேன் நடுவுல திரை போயிடுச்சு. பாவம், ஒரு வயசான அம்மா மறுபடியும் அந்தக் குழாய்க்குள்ள படுக்க வேண்டியதாப் போச்சு. இந்தப் பொண்ணு மூணு நாள் அழுதா. நானும் அவளை நல்லா திட்டிட்டேன்."

ஸ்கேனைத் தொடங்கி நடுவில் நிறுத்துகிற சின்ன நிரல் ஒன்றை எழுதி, காலை ஏழேகாலுக்கு ஓடவிட்டேன். மாலை நாலேகாலுக்குத் திரை கறுத்தது. பூட்டிய அறைகள் அத்தனையும் நீங்கள் சொன்ன பின்வாசல் அறைகள்தான்.

நீங்கள் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் அந்தப் பின்வாசலை இன்னும் நான்கு இடத்தில் திறந்துவிட்டிருப்பேன். நன்றி அண்ணி. போன இரண்டு கடிதத்துக்கும் மன்னிப்பு. பழைய கோப்பில் சின்னத் திருத்தம்தான் வேண்டும். என் மாற்றத்தோடு சேர்த்துச் சத்தமில்லாமல் போட்டுவிடுகிறேன். அடியில் இருக்கிற பெயர் யார் கண்ணிலும் படாது.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உங்களைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ஆனால் கதவு மூலையில் நீங்கள் விட்டுப்போன பச்சைக் குடையை யாரையும் தொட விடுவதில்லை. போன வாரம் மழைக்கு நான் எடுத்தேன். "அது உன்னுதா? வை அங்க" என்றாள். நனைந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

வாண்டு


ஜூன் 10

அன்புள்ள வாண்டு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அந்த நர்ஸ் பெண் மூன்று நாள் அழுதாள் என்ற இடத்தைத் தாண்டவே முடியவில்லை.

அந்த மாலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு மாதம். எதிரெதிர் மேசை. அவர் எழுதியதைத் திறந்தேன், நீளமாக இருந்தது. நாலு பக்கம் படித்துவிட்டு, "இந்த இடத்துல நின்னுபோனா என்ன ஆகும்?" என்று கேட்டேன். மேசைக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்மேல நம்பிக்கை இல்லையா?" புதுப்பெண்ணிடம் இதைவிடக் கஷ்டமான கேள்வி எதைக் கேட்க முடியும், சொல்! மீதியைப் படிக்காமலே "பார்த்தேன், சரி" என்று எழுதிவிட்டேன். இருவரும் சினிமாவுக்குப் போனோம். படம் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எதைக் கேட்டாலும் அதே பதில்தான். வேலையை ஏன் விட்டீர்கள், இரண்டு நாள் எங்கே போயிருந்தீர்கள், என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? "என்மேல நம்பிக்கை இல்லையா?" அவர் கெட்டவர் இல்லை, வாண்டு. பொய் சொல்லத் தெரியாது. எதையும் பாதியில் விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். நான் உள்ளே ஆள் இருக்கிறது என்று பூட்டிய அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். உன் அண்ணனைப் பற்றி உன்னிடமே சொல்கிறேன், பொறுத்துக்கொள். வேறு யாரிடம் சொல்வது?

சத்தமில்லாமல் போட வேண்டாம். நீ ஆசையாகத்தான் சொன்னாய், அதற்கு நன்றி. ஆனால் இன்று காலை பதினொரு பேர் படிக்கிற பக்கத்திலேயே எழுதிவிட்டேன்: "வரி 212இன் மூலத்தை நான் முழுதும் படிக்காமல் சரி சொன்னேன். எழுதியவர் அப்போது என் கணவர். ஆறு வருடத் தவறு என்னுடையது. கண்டுபிடித்தவள் இந்த மாற்றத்தை எழுதியவள்." எழுதி முடித்ததும் பசித்தது. அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடிதம் போட்டேன், தவறு அந்தப் பெண்ணுடையது இல்லை என்று.

பழைய கோப்புக்கான திருத்தத்தை நானே எழுதுகிறேன். அது போன பிறகுதான் உன் மாற்றம் உள்ளே போக முடியும். அதற்கு ரிவ்யூவராக உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

பூதக்கண்ணாடி
(கொஞ்சம் விரிசல் விட்டது)


ஜூன் 13

அண்ணி,

நீங்கள் எழுதியதை எங்கள் கிளையில் எல்லோரும் படித்தார்கள். பிறகு மூலை மேசைக்காரர் எழுந்து, "நானும் ரெண்டு மூணு படிக்காம போட்டிருக்கேன். பார்த்துட்டு வந்துடறேன்" என்று போனார். அவர் பின்னாலேயே இன்னும் நாலு பேர். தலைவர், "இன்னைக்கு யாரும் புதுசா எதுவும் எழுத வேண்டாம். பழசைப் படிங்க" என்றார்.

விஷயம் எப்படியோ அண்ணன் காதுக்கும் போய் போன் செய்தான். "படிக்காமலா போட்டா? அவ படிச்சிருப்பான்னு நெனச்சுத்தானே நானும் திரும்பிப் பார்க்கலை" என்றான். பிறகு, "அவகிட்ட சாரி சொல்லிடு." நான், "நீயே சொல்லேன்" என்றேன். போனை வைத்துவிட்டான். பின்வாசல்!

அவனுக்காக நான் சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள். எனக்காகவும் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வீட்டைவிட்டுப் போன அன்று நான் அறையில் இருந்துகொண்டே வெளியே வரவில்லை. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். அது அன்றிலிருந்து உறுத்துகிறது.

வாண்டு


ஜூன் 18

அன்புள்ள வாண்டு,

அன்று உன் அறையில் விளக்கு எரிந்தது. பார்த்தேன். நீ உள்ளே அழுதுகொண்டிருப்பாய் என்று தெரிந்துதான் தட்டாமல் போனேன். இதையெல்லாம் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

திருத்தத்தை அனுப்பியிருக்கிறேன். ஐம்பது வரிகூட இல்லை. நாள் குறைவாக இருக்கிறது, தெரியும். பார்த்துச் சொல்.

பூதக்கண்ணாடி


ஜூன் 21

அண்ணி,

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் திருத்தம் வந்ததும் "பார்த்தேன், சரி" என்று அடித்தே விட்டேன், அனுப்புவதுதான் பாக்கி. அன்றைக்கு முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டே நாள். பூதக்கண்ணாடி எழுதியதில் நான் என்னத்தைக் கண்டுபிடித்துவிடப்போகிறேன்? அண்ணிமேல் நம்பிக்கை இல்லையா? அந்த வார்த்தை மனதில் வந்ததும் திடுக்கென்றது. அடித்ததை அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று நாள் ஆயிற்று.

வரி 38. நடுவில் நிறுத்தினால் எண் ஒன்று குறைகிறது, நல்லது. ஆனால் நிறுத்து பொத்தானை அழுத்துகிற அதே நொடியில் ஸ்கேனும் தானாக முடிந்தால்? இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒன்று குறைக்கின்றன. அறைக்குள் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போதே சாவியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறோம். திரை கறுத்தாலாவது தெரியும். இங்கே ஒருவருடைய ஸ்கேனுக்குள் இன்னொருவர் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பதினேழு தடவை முயன்று ஒரு தடவை வரவழைத்தேன். படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

அதனால் சரி சொல்லமாட்டேன். திருப்பி அனுப்புகிறேன். மறுபடி நாலு நாள் சோதனை ஓட வேண்டும், என் வேலை அந்தரத்தில் தொங்கும், எல்லாம் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாண்டு


ஜூன் 22

என் அருமை வாண்டு,

அலுவலகம் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றால் அவர் நம்பவில்லை.

பூதக்கண்ணாடி என்று பெயர் வந்த நாளிலிருந்து நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். பெருமையாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடத்தில் என்னுடையதைத் திருப்பி அனுப்பிய முதல் ஆள் நீதான். அதுவும் உன் பிழைப்பே அதில் தொங்கும்போது. என்னை நம்பிவிட்டு, அதற்குப் பிறகும் உட்கார்ந்து படித்திருக்கிறாயே! எனக்கு இப்படி ஒருவரும் செய்ததில்லை. நன்றிடி கண்ணே.

வரி 38ஐத் திருத்திவிட்டேன். யார் முதலில் வருகிறார்களோ அவர் மட்டும்தான் குறைக்க முடியும். சோதனை ஓடுகிறது. தலைவரிடம் பேசினேன். "சரின்னு சொல்லாம திருப்பி அனுப்பினாளே, அதுக்கே அவளை விடக் கூடாது. ஆனா மாற்றமும் உள்ள போகணும்" என்றார். போகும். உன் குறைகளில் நாற்பது சரியாகிவிட்டன. வரி 9 மட்டும் அப்படியே இருக்கட்டும். மறுபடி பார்த்தேன், இடைவெளி நன்றாகத்தான் இருக்கிறது.

உன் பூதக்கண்ணாடி


ஜூலை 28

அண்ணி,

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி மாலை என் மாற்றம் உள்ளே போனதையும் வேலை நிரந்தரமானதையும் அன்றே போனில் கத்திச் சொல்லிவிட்டேன். ஆனால் கடிதத்தில் எழுதாவிட்டால் நன்றி சொன்ன மாதிரி இல்லை. எல்லோருக்கும் "பார்த்தேன், சரி" என்று போடுகிற நீங்கள், எனக்கு "முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் பெயரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் புது டிரைவர் போட்டு நாலு திங்கள்கிழமை தாண்டிவிட்டது. ஒரு தடவைகூட அணைக்கவில்லை, திரையும் கறுக்கவில்லை. இன்று தலைமை நர்ஸ் புகைப்படம் அனுப்பினார். மிஷினில் காகிதம் இருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, ஓரத்தில் டேப்பின் பிசுக்கு. "அந்தப் பொண்ணு கையாலயே கிழிக்கச் சொன்னேன்" என்றார். "உங்க ரிவ்யூவர் அம்மா போட்ட கடிதத்தை மடிச்சு பையிலயே வெச்சிருக்கா."

நேற்று அம்மா தானாகப் பேச்செடுத்தாள். "அவ குடையை எடுக்க வரவே மாட்டாளா?" "அதுக்குத்தான் பத்திரமா வெச்சிருக்கியா?" என்றேன். "பின்ன, தூக்கிப் போடச் சொல்றியா?" என்று திரும்பிக்கொண்டாள். அண்ணன் வேறு ஊரில்தான் இருக்கிறான், இங்கே வருவதே அபூர்வம். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

ஒரு சந்தேகம். நான் பாட்டுக்கு அண்ணி, அண்ணி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், கஷ்டப்பட்டாவது மாற்றிக்கொள்கிறேன்.

வாண்டு


ஆகஸ்ட் 1

வாண்டு,

ஞாயிறு காலைப் பஸ்ஸில் வருகிறேன். என்னைப் பார்க்கிறேன் என்று அத்தை முழங்காலை வைத்துக்கொண்டு படி இறங்க வேண்டாம்.

குடையை எடுத்துப்போக வரவில்லை என்று அத்தையிடம் சொல். அது அங்கேயே இருக்கட்டும். மழை வந்தால் நீ எடுத்துக்கொண்டு போ. கேட்டால், நான் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
அண்ணி